வலி என்றொரு கட்டம்

எனக்குக் கடைசியாக ஜலதோஷம் பிடித்துப் பதினெட்டு வருஷமாகிறது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். மட்டாஞ்சேரியில் குடியிருக்கிறவன் அப்படிக் கழுவாவிட்டால் அந்தக் கையால் சோறு தின்ன முடியாது. நீங்கள்கூட கால்வாயைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தீர்கள், ஜன்னலிலிருந்து பார்த்தேன். உங்கள்மேல் உடனே ஒரு மரியாதை வந்துவிட்டது, டாக்டர் ஜெயலக்ஷ்மி.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும், எழுத வராது. பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறையான குடும்பம், படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். பெயர் வெங்கிடாசலம், வயது ஐம்பத்திரண்டு, முன்பு மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷம் கம்பவுண்டர். எதையும் மறைக்க மாட்டேன். மறைத்துத்தான் என்ன, ரிஜிஸ்டர் உங்கள் மடியில் இருக்கிறது. அதைவிடச் சுத்தமான ரிஜிஸ்டரை நீங்கள் மதராஸில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஐந்து வருஷத்தில் ஓர் அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது.

எழுபத்தைந்தில் டாக்டர் குருவிளா அந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். கோட்டயத்துக்காரர், சீமையில் படித்தவர், நல்ல மனிதர். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மிளகும் சுக்கும் புடைத்துப் பொறுக்கி மூட்டை கட்டுகிற கூலிக்காரர்களில், முப்பத்தைந்து வயதுக்கு மேல் இதய நோய் உள்ளவர்களை ஈசிஜி எடுத்துப் பொறுக்கினார். ஐந்து வருஷம் அவர்களைக் கவனித்து, ஒரு புதிய ரோஸ் நிற மாத்திரை எவ்வளவு தூரம் உதவுகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். மொத்தம் நூற்றுப் பத்துப் பேர். அதில் அறுபத்து நான்கு பேர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். டாக்டருக்குத் தமிழ் ஓர் அட்சரம் தெரியாது, அவர்களுக்கு மலையாளம் அரைகுறை. இரண்டும் தெரிந்தவன் என்றுதான் என்னை வைத்துக்கொண்டார்.

டாக்டர் சனிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் நானும் நர்ஸ் அம்மிணியும்தான். அம்மிணி இடக்கொச்சிக்காரி, ரத்த அழுத்தம் பார்ப்பாள், எடை பார்ப்பாள். நான் மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்டு ரிஜிஸ்டரில் குறி போட வேண்டும். முதல் நாளே டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: நோயாளி சொல்கிற வார்த்தை எதுவோ அந்த வார்த்தைக்குக் குறி போடணும், சுவாமி வியாக்கியானம் பண்ணக்கூடாது, வியாக்கியானம் என் வேலை. என்னை அவர் சுவாமி என்றுதான் கூப்பிடுவார்.

ரிஜிஸ்டரில் மலையாளத்தில் அச்சடித்த கட்டங்கள் இருக்கின்றன, பாருங்கள். வேதன, வலி, நீர், அதாவது வீக்கம். மலையாளத்தில் உடம்பு நொந்தால் அது வேதன. வலி என்றால் இழுப்பு, ஆஸ்துமா. தமிழனுக்கோ உடம்பு நொந்தால் வலி, மனசு நொந்தால் வேதனை. நீங்கள் இப்போது பேனாவை நிறுத்திவிட்டீர்கள். அறுபத்து நான்கு இதய நோயாளிகளுக்கு ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நெஞ்சு நோகவில்லை என்று இந்த ரிஜிஸ்டர் சொல்கிறதே, அது எப்படி என்று கேட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். ரோஸ் மாத்திரை இதயத்தின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும். இழுப்பு உள்ளவனுக்கு அது ஆகாது, மூச்சை அடைத்துவிடும். அலமாரியில் இழுப்புக்கான வெள்ளை மாத்திரையும் இருந்தது. அது மூச்சைத் திறந்துவிடும், ஆனால் இதயத்தைச் சாட்டையால் அடித்து விரட்டும். நெஞ்சு நோகிறவனுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஆளை முடித்துவிடலாம் என்று டாக்டர் முதல் நாளே எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். கம்பவுண்டராக இருந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி அந்த ஆட்களைப் பற்றி. எனக்கு அவர்களைக் கண்டால் குமட்டும். வெறுப்பு என்று எழுதிவிடாதீர்கள், நான் யாரையும் வெறுத்ததில்லை. இது அருவருப்பு. சுக்கை வெளுப்பாக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்குவார்கள். அந்தச் சுண்ணாம்பு நகக்கண்ணில் உறைந்து, விரலிடுக்கில் தோல் வெடித்து, வெடிப்புக்குள்ளே சுக்குத் தூசி. அந்த விரலால் வெற்றிலையைக் கிழித்து வாயில் போடுவார்கள், அதே விரலை என் மேஜையில் ஊன்றிக்கொண்டு பேசுவார்கள். பேசும்போது சிவப்பாகத் தெறிக்கும். வேர்வையும் காரமும் கலந்த அந்த நெடி வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் மூக்கை விட்டுப் போகாது. மனைவி கமலாக்ஷி பரிமாறும்போது ரசத்தில்கூட அந்த வாடை அடிக்கும்.

இதுவாவது கழுவினால் போகும். சாயாக்கடையில் கேட்டது போகாது. ஒரு நாள் கடைக்காரன் எல்லார் முன்னிலும், "பட்டரே, நின்றெ ஆள்க்கார் வரியா நில்க்குந்நு" என்றான். என் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம். எங்களைப் போன்ற தமிழ்ப் பிராமணனை இங்கே பட்டர் என்பார்கள், தமிழ்நாட்டுக் கூலிக்காரனைப் பாண்டி என்பார்கள், இளக்காரமாகத்தான். மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்த நானும் கடைக்காரன் கணக்கில் ஒரு பாண்டிதான். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். சாயாவை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மூக்கம்மாள் கோவில்பட்டிப் பக்கம். சுக்குப் பொறுக்குகிறவள், நாற்பத்து நாலு வயது இருக்கும். புருஷன் ராசப்பன் கைவண்டி இழுக்கிறவன். ஆரம்பத்தில் ரோஸ் மாத்திரை அவளுக்கு நன்றாகவே கேட்டது. மாடிப்படி ஏறுகிறேன் சாமி, மூட்டை நகர்த்துகிறேன் சாமி என்று சந்தோஷமாகச் சொல்வாள். நாலாவது மாதம் வந்து உட்கார்ந்தாள். "சாமி, நெஞ்சுல வலிக்கு. பாறாங்கல்ல தூக்கி வச்ச மாதிரி இருக்கு. இடது கை பூராம் எறங்குது" என்றாள்.

நான் வலி என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

அது கைத்தவறு, சத்தியமாகச் சொல்கிறேன். நாள் முழுவதும் மலையாளத்திலேயே எழுதுகிற கை, அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆளின் பெயரை எழுதி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. ஒரே ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் போட்டிருக்கலாம். அந்தப் பக்கம் அதுவரை எவ்வளவு அழகாக இருந்தது என்று நீங்களே பாருங்கள். அடிக்க மனசு வரவில்லை. சனிக்கிழமை டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கத்தானே போகிறார், அவர் கண்டுபிடித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் கேட்டார். நாள் பூராவும் சுக்குத் தூசியில் உட்கார்ந்திருப்பவளின் நெஞ்சில் கொஞ்சம் கரகரப்பு இல்லாமல் இருக்குமா? குறியைப் பார்த்தார், குழாயில் கேட்டார், தலையாட்டினார். அன்றே ரோஸ் மாத்திரையை நிறுத்தி வெள்ளை மாத்திரை எழுதினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மாதமே இன்னும் நாலு தமிழர்கள் வலி என்றார்கள். ஒருத்திக்கு ஒரு கட்டம், மற்றவர்களுக்கு வேறு கட்டம் என்றால் ஆராய்ச்சி என்னாவது? அதே கட்டத்தில் போட்டேன். பிறகு பத்து, பிறகு இருபது. ஈசிஜி இயந்திரம் இரண்டாம் வருஷமே உப்புக்காற்றில் பழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு ரிஜிஸ்டர்தான் ஆராய்ச்சி.

ஒரு சனிக்கிழமை டாக்டர் ரிஜிஸ்டரை இரண்டு மணி நேரம் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். மலையாளிகளுக்கு வேதன வருகிறது, தமிழர்களுக்கு அறவே இல்லை, அவர்களுக்கு வலிதான் வருகிறது, தமிழர்கள்தான் சுக்கில் இருக்கிறார்கள், கண்டீரா சுவாமி என்றார். சுக்குத் தூசி இதய நோயாளிகளுக்கு இழுப்பைக் கொண்டுவருகிறது, இதுவரை உலகத்தில் யாரும் கவனிக்கவில்லை என்றார். அவர் முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. அதைக் கெடுக்க என்னால் ஆகவில்லை. எழுபத்தெட்டில் பம்பாயில் போய் வாசித்தார், அச்சிலும் வந்தது. கடைசியில் பொடி எழுத்தில், பொறுமையும் துல்லியமும் கொண்ட வெங்கிடாசலம் அவர்களுக்கு நன்றி என்று இருந்தது. அந்தப் பக்கத்தைச் சாயாக்கடையில் காட்டினேன். கடைக்காரன் அன்றைக்கு எழுந்து நின்று சாயா கொடுத்தான்.

இறந்தவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். பதினோரு பேர் என்று நீங்கள் சொல்கிறீர்கள். என் ரிஜிஸ்டரில் இறந்தவர் என்று ஒருவரும் இல்லை. "வீரபாண்டி போயிட்டான் சாமி" என்று அவன் கூட்டாளி வந்து சொன்னான், போயி என்று எழுதினேன். ஆவுடையம்மாள் போய்ட்டா என்றார்கள், அதையும் அப்படியே எழுதினேன். சொன்ன வார்த்தையை எழுதணும் என்பதுதான் உத்தரவு. போனவர்கள் ஊருக்குப் போனார்கள் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். பாண்டிகள் ஓரிடத்தில் நிலையாக நிற்க மாட்டார்கள் என்று வருத்தப்பட்டார்.

மூக்கம்மாள் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அவள் அத்தனை நாள் இருந்ததற்குக் காரணம், மாத்திரையை ஒழுங்காகத் தின்னாததுதான். நான் அதைப் பிற்பாடுதான் கண்டுபிடித்தேன். ஒரு நாள் மிச்ச மாத்திரைகளை மடியிலிருந்து அவிழ்த்து மேஜையில் கொட்டினாள். எல்லாம் வேர்வையில் ஊறி, வெற்றிலைக் காம்போடு ஒட்டிக் கிடந்தன. "இதத் தின்னா நெஞ்சு குதிர மாதிரி ஓடுது சாமி. நின்னு போயிரும்போல இருக்கு. எனக்கு அந்தப் பழைய ரோசு மாத்திரையே போதும். ஒங்களுக்கு எங்க பேச்சு தெரியுமே, டாக்டர்ட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றாள்.

"சொன்னதைக் கேளு. படிச்சவா எழுதிக் கொடுத்தது. தின்னாமக் கொண்டுவந்து கொட்டினா நோய் எப்படிப் போகும்?" என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் கிடங்குக்குப் போகும் வழியில் வந்து என் கண் முன்னால் விழுங்கிவிட்டுப் போகச் சொன்னேன். வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தால் நான் முகம் சுளிப்பதைக் கவனித்திருக்கிறாள், தரையில்தான் உட்கார்வாள். சில நாள் கழித்து எனக்காகவே குளித்துவிட்டு வர ஆரம்பித்தாள். கையைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, வெடிப்பிலிருந்து ரத்தம் கசியும். அந்தக் கையை நீட்டுவாள், நான் தொடாமல் மேலிருந்து மாத்திரையைப் போடுவேன். குளித்துவிட்டு வந்தது எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. என்னை அவள் படித்துவிட்டாள் என்று தோன்றியது.

அம்மிணிக்குச் சந்தேகம் வந்தது எண்பதில். "சுவாமீ, ஆ சேச்சி கை நெஞ்சத்து வச்சாணு பறயுந்நது. அது வேதனயல்லே?" என்றாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொல்கிறாளே, அது நோவுதானே என்கிறாள். பாண்டிகளுக்கு எல்லாம் ஒன்றுதான், நீ எடையைப் பார் என்றேன். எடையைப் பார்க்கப் போனாள். ஆனால் மூக்கம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதை நான் அடுத்த சனிக்கிழமைதான் அறிந்தேன்.

ஜூன் மாதம், நல்ல மழை. டாக்டர் வந்திருந்தார். மூக்கம்மாள் தன் முறைக்குக் காத்திராமல் நேராக அவர் மேஜைக்குப் போனாள். உதடு நீலமாக இருந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததைப் போல, "டாக்டரே, வேதன. நெஞ்சு வேதன" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள்.

டாக்டர் குழாயைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஐந்து வருஷத்தில் ஒரு தமிழர் வாயிலிருந்து அவர் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. அவர் நிறம் மாறுவதைப் பார்த்தேன். "எந்தா பறயுந்நது, சுவாமி?" என்று என்னைக் கேட்டார். என்ன சொல்கிறாள்?

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் சொன்னது நெஞ்சு நோவு. ஆம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், வெள்ளை மாத்திரை அன்றே நிற்கும், அவளை வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், ஒருவேளை பிழைப்பாள். பிறகு டாக்டர் பழைய பக்கங்களைத் திருப்புவார். பம்பாயில் வாசித்ததெல்லாம் குப்பைக்குப் போகும், பொறுமையும் துல்லியமும் சேர்ந்து போகும். ஆனால் அதற்காக மட்டும் நான் செய்யவில்லை. பயம் இருந்தது, அது சின்னது. சுக்குப் பொறுக்குகிறவள் ஒருத்தி, என்னைத் தாண்டிப் போய், என் வார்த்தை ஒன்றைத் தன் வெற்றிலை வாயில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அந்த வார்த்தை என் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சம்பாதித்தது. அவள் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எச்சில் இலையில் என்னை உட்காரச் சொன்னதுபோல இருந்தது.

"மனோவிஷமம், சார்" என்றேன். மனக்கஷ்டம். தமிழில் வேதனை என்றால் மனசில் துக்கம் என்று அர்த்தம் சார், நெஞ்சு வேதனை என்றால் தாங்க முடியாத துக்கம், புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்று அழுகிறாள் என்றேன். ராசப்பன் குடிக்க மாட்டான். அதுவரையில் அவன் அவளை ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதுமில்லை.

டாக்டருக்கு மூச்சு வந்தது. பாவம், பாவம் என்று அவள் தோளில் தட்டிக் கொடுத்தார். தூக்கத்துக்கு ஒன்று எழுதினார். மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு வெள்ளை மாத்திரையை இரண்டிலிருந்து மூன்றாக்கினார். அம்மிணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது. ஆனால் டாக்டர் முன்னால் நர்ஸ் பேசுகிற வழக்கம் இல்லை.

மூக்கம்மாள் என்னிடம் வந்தாள். "என்ன சாமி சொன்னீங்க?" என்றாள்.

"எல்லாம் சொல்லியாச்சு. மூணாத் திங்கச் சொல்றார். சரியாப் போயிடும்" என்றேன். அவள் இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள். ஞாயிறும் திங்களும் வந்து என் கண் முன்னால் விழுங்கினாள். செவ்வாய்க்கிழமை வரவில்லை.

ராசப்பன் புதன்கிழமை வந்தான். மிச்சம் இருந்த தூக்க மாத்திரையை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். "வேற யாருக்காச்சும் ஆகும்லா சாமி" என்றான். அதோடு, கடைசி வரைக்கும் சாமி நல்லாப் பாத்துக்கிட்டாகன்னு சொல்லிக்கிட்டே இருந்தா என்றான். அவன் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது. பொட்டலத்தைக் கீழே வைக்கச் சொன்னேன். அவன் போன பிறகு அம்மிணியிடம் தரையைக் கழுவச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனவள்தான், மறுபடி வேலைக்கு வரவில்லை. நானே கழுவினேன்.

உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது. என்னைப் பார்த்துக் குமட்டுகிறது உங்களுக்கு. பரவாயில்லை, குமட்டல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீர் டம்ளரை நீங்கள் தொடவேயில்லை, அதையும் கவனித்தேன்.

பத்துப் பேர் விஷயத்தில் சும்மா இருந்தேன், பதினோராவது ஆளை நானே தெரிந்து கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மலையாளத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். போலீஸுக்குக் கொடுங்கள், டாக்டர் குருவிளாவுக்கு அனுப்புங்கள், பத்திரிகையிலும் போடுங்கள். ஆனால் நீங்கள் மேலே எழுதியிருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், 'தவறாக மொழிபெயர்த்தார்' என்று இருக்கிறதே, அந்த வரியை. தமிழில் வேதனைக்குத் துக்கம் என்றுதான் அர்த்தம். உங்களுக்குத் தமிழ் தெரியும், நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னதில் என்ன பிழை?